முப்பத்தொன்பதாவது விளக்கு

காலை ஒன்பது மணிக்கு முப்பத்தெட்டு விளக்குகளும் சிவப்பாக எரிந்தன. அருப்புக்கோட்டையில் தன் வீட்டு மேசை முன் உட்கார்ந்திருந்த சௌந்தரநாயகி டீச்சர், திரையைக் கும்பிடாத குறையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

திரையில் எரியும் ஒவ்வொரு விளக்கும் ஒரு பிள்ளை. அவரவர் ஊரில், காதுமடலில் புரிமானியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. கடுகளவு கருவிதான். பாடம் மூளையில் ஏறினால் பச்சை, ஏறாவிட்டால் சிவப்பு. அதை ஏமாற்ற முடியாது. இருபத்தாறு வருடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் இழுத்துச் சொன்னதை நம்பி வாழ்ந்தவருக்கு இது பேரிடி.

வலைவகுப்புக்கு வரும் ஆசிரியர்கள் தங்கள் இலக்குகளைத் தாங்களே எழுதித் தரவேண்டும் என்பது கல்வித்துறையின் விதி. அவர் மூன்று எழுதினார். ஒன்று, பொத்தானை மாற்றி அழுத்திப் பிள்ளைகளை வெளியே தள்ளாதிருப்பது. இரண்டு, புரிந்ததா என்று கேட்கும் பழக்கத்தை விடுவது. மூன்று, அரையாண்டுக்குள் ஒரு பாடத்திலாவது எல்லா விளக்கையும் பச்சையாக்குவது. கையெழுத்துப் போட்ட மறுநிமிடமே மூன்றாவதை நினைத்து நொந்துகொண்டார். தவறினால் வகுப்பு நிழலாசிரியருக்குப் போய்விடும். பள்ளிக்கூடங்களில் பதிவான பழைய பாடங்களைத் தின்று வளர்ந்த இயந்திரம் அது. மாலத்தீவிலிருந்து படிக்கும் அஃப்ரினும் விளாத்திகுளம் பேச்சிமுத்துவும் இல்லாத காலைப் பொழுதை டீச்சரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அரையாண்டுக்கு இரண்டே நாள். அன்றைய பாடம், மேலே எறிந்த பந்து. புரிமானியை எப்படி மாட்டுவது என்று ஒரு பிள்ளைக்குக் காட்டத் தன் காதில் ஒன்றை மாட்டியவர், கழற்ற மறந்துவிட்டார். உச்சியில் பந்தின் வேகம் பூஜ்யம், ஆனால் முடுக்கம் பூஜ்யம் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பேச்சிமுத்து குறுக்கே வந்தான்.

"பந்துதான் நின்னுருச்சே டீச்சர். பெறகு எப்பிடி முடுக்கம் இருக்கும்?"

புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். ஒரு விளக்கும் மாறவில்லை. அஃப்ரின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், உங்க பேர்லயும் ஒரு விளக்கு எரியுது. அதுவும் செவப்பாத்தான் இருக்கு."

கை காதுக்குப் போனது. கழற்றி எறிந்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவியிருக்கலாம். அவர் கழற்றவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறையும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னார்.

"ஆமா. எனக்கும் புரியலப்பா. வாங்க, சேந்து யோசிப்போம்."

வகுப்பு களைகட்டியது. முப்பத்தெட்டு வீடுகளில் எலுமிச்சம்பழமும் செருப்பும் தலையணையும் பறந்தன. டீச்சர் ஒரு தக்காளியை எறிந்து, பிடிக்கத் தவறி, மேசையை நாசம் செய்தார். கடைசியில் அஃப்ரின்தான் கண்டுபிடித்தாள்.

"உச்சியில முடுக்கமும் இல்லன்னா அது கீழயே வராதே டீச்சர். அங்கயே நின்னுரும்ல?"

அந்தரத்தில் அசையாமல் நிற்கும் தக்காளியை டீச்சர் மனக்கண்ணில் பார்த்தார். வேகம் ஒரு கணம் இல்லாமல் போகலாம், அதை மாற்றுகிற இழுப்பு ஓய்வதே இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசியாக மாறியது அவருடையது. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் துறையின் கணினி தீர்ப்பு அனுப்பியது. புரிமானி மாட்டியவரெல்லாம் மாணவர் என்பதுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. ஆகவே அந்த வகுப்பில் மாணவர்கள் முப்பத்தொன்பது பேர், ஆசிரியர் வரவில்லை. ஆசிரியர் இல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டதால் வகுப்பு நிழலாசிரியரிடம் ஒப்படைக்கப்படுகிறது. சௌந்தரநாயகி, ஒன்பதாம் வகுப்பு, வரிசை எண் முப்பத்தொன்பது, தவறாமல் வகுப்புக்கு வரவும்.

பிள்ளைகள் கொதித்தார்கள். டீச்சர் புரிமானியை மாட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தார்.

நிழலாசிரியர் வாயைத் திறந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய குரல். அவருடைய பழைய பாடங்களைக் கொண்டே அதை வளர்த்திருந்தார்கள். மிதக்கும் பொருள்களைப் பற்றி அது மூச்சுவிடாமல் ஒப்பித்தது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசி எப்படியோ பச்சையாகிவிட்டார்கள். முப்பத்தொன்பதாவது விளக்கு மட்டும் சிவப்பு. ஒரு விளக்கு சிவப்பாக இருந்தாலும் அடுத்த பாடத்துக்குப் போக இயந்திரத்துக்கு அனுமதியில்லை.

இரும்பு ஆணி மூழ்கும்போது இரும்புக் கப்பல் மட்டும் ஏன் மிதக்கிறது என்று டீச்சர் கேட்டார். அது சூத்திரத்தைச் சொன்னது. மறுபடி கேட்டார். அதே குரலில் அதே சூத்திரம். இந்த அம்மாவிடமா இத்தனை வருடம் பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

நான்கு நாள் பாடம் நகரவில்லை. ஐந்தாம் நாள் ஆணை வந்தது. வரிசை எண் முப்பத்தொன்பது மாணவி கற்றலில் மிகவும் பின்தங்கியிருப்பதால், இருபத்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவரும் தற்போது வகுப்பு ஏதும் இல்லாதவருமான ஆசிரியை சௌந்தரநாயகி இவ்வகுப்பை உடனே ஏற்று, அம்மாணவிக்குப் புரியவைக்க வேண்டும்.

டீச்சர் அதை உரக்கப் படித்தார். பேச்சிமுத்து சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். அவர் அங்கேயே பதில் எழுதினார்: பொறுப்பேற்கிறேன். ஆனால் அந்த மாணவியை எனக்கு நன்றாகத் தெரியும், லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாள். எவ்வளவு காலம் தருவீர்கள்?

மாணவி தேர்ச்சி பெறும் வரை, என்று பதில் வந்தது.

அவளை அவ்வளவு சீக்கிரம் தேறவிடும் உத்தேசம் டீச்சருக்கு இல்லை.