கண்ணாடிக்குள் பனி

புழுங்கும் அறையில் கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிப் பக்கம் மட்டும் பனி பூத்திருந்தது. சோதிக்க வந்தவர் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. பனி உள்பக்கம் இருந்தது.

‘பிளக்கு’ என்பது மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர். ஆராய்ச்சிக் குழுக்கள் தாங்களே பாகம் வாங்கிக் கூட்டும் கம்ப்யூட்டர்களைச் சோதிக்கும் பல்கலைக்கழக அதிகாரி. விதிகளை எழுதியவரும் அவர்தான். இப்படிச் சொந்தமாகக் கூட்டிய பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆள் இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அப்படிப்பட்ட பெட்டி உள்ள அறையில் சுவிட்சு புகைந்தாலும் பல்கலைக்கழக எலக்ட்ரீஷியன் வரமாட்டார். எவ்வளவு குழைந்தாலும் அவரிடம் பேரம் படியாது.

இந்தப் பெட்டியைக் கட்டிய பொறுப்பாளர் அவருடைய மைத்துனன். பல நாளாக வீடு திரும்பவில்லை. ‘வேலை இருக்கு மாமா’ என்று மெசேஜ் மட்டும் வரும். காலையில் மனைவி வாசலை மறித்துக்கொண்டாள். “என் தம்பியோட வாங்க. இல்லன்னா ஆபீஸ்லயே படுத்துக்குங்க.”

“எங்க மேடம் அவன்?”

“டீ குடிக்கப் போயிருப்பான்,” என்றார் ஆராய்ச்சிக் குழுவை நடத்தும் பேராசிரியை. கேட்காமலே விலையைக் குறைக்கும் கடைக்காரரின் சிரிப்பு. சரக்கில் எங்கோ ஓட்டை.

“செருப்பு இங்க கிடக்கே?”

“ஆராய்ச்சி பண்றவங்க அப்படித்தான் சார்.”

சூடான தூசி வாடையோடு துவைக்காத சட்டையின் வியர்வை நெடியும் கலந்து வர, மின்விசிறிகளின் ஒரே சீரான இரைச்சலுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. அந்த விசில் அவருக்குப் பழக்கம். வீட்டில் பக்கத்து அறையில் மைத்துனன் தூங்கும்போது மூக்கில் வருவது. ‘குக்கர்’ என்று கேலி செய்ததே அவர்தான்.

அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். மேசைக்கு அடியிலும். யாருமில்லை. இந்த அம்மா அவனை எங்கேயோ அடைத்து வைத்து வேலை வாங்குகிறாள். பெட்டியை நிறுத்தினால் எங்கிருந்தாலும் பதறி ஓடி வருவான்.

பிளக்கில் கை வைத்தார்.

“ஐயோ, அது மட்டும் வேணாம் சார்!” சிரிப்பு போயிருந்தது.

சந்தேகம் உறுதியானது. இழுத்தார். சாக்கெட்டின் முகமும் உடைந்து கையோடு வந்தது.

பெட்டியின் விளக்குகள் அணைந்தன. விசிறிகள் ஓய்ந்தன.

விசில் மட்டும் நிற்கவில்லை. திணறியது. கண்ணாடியில் பனி சுருங்கியது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மைத்துனனின் மெசேஜ்.

‘மாமா. மூச்சு முட்டுது.’

பிளக்கைத் திரும்பச் சொருகினார். கையை எடுத்தார். விழுந்தது. மறுபடி சொருகி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். விசிறி சுழன்றது. விசில் நீளமாக இழுத்தது.

“எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க மேடம். சீக்கிரம்!”

“வரமாட்டாரே சார். உங்க ரூல்தானே?” பேராசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டார். “பொறுப்பாளர் இல்லாம ஓட்டுறமேன்னு உறுத்திட்டே இருந்துச்சு. இனி நீங்க இருக்கீங்க.”

கதவு மூடிக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது.

போன் அடித்தது. மனைவி. “தம்பி கிடைச்சானா?”

“இருக்கான்.”

“அப்ப கூட்டிட்டு வாங்க.”

பிளக்கை அழுத்திய கை மரத்தது. எடுக்க முடியாது.

கண்ணாடியில் பனி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. அதன் நடுவே, உள்ளிருந்து, ஒரு மூக்கின் நுனி வெளுத்து அழுந்தியிருந்தது.