ஏழாவது வாக்குமூலம்

1931 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. காலை 9.20.

அலவத்துகொடையில் முன்னாள் கப்பல் தொழிலாளி பளீலின் வீட்டு அலுமாரி பூட்டியபடியே இருந்தது. ஆனால், கப்பல் தொழிலாளர் படும் பாட்டைப் பற்றி அவர் இரண்டு வருடமாய்த் திரட்டிய பன்னிரண்டு வாக்குமூலங்களில் ஒன்றைக் காணவில்லை. விசாரணைக் குழுவுக்கு மறுநாள் அனுப்ப வேண்டியவை.

கண்டியிலிருந்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்லநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். வாக்குமூலக் கட்டைப் புரட்டினார். நூலை யாரோ பக்குவமாக அவிழ்த்து, ஏழாவதை மட்டும் உருவி, மறுபடி முடிச்சிட்டிருந்தார்கள்.

"திறப்பு எங்க இருந்தது?"

"அலுமாரிக்கு மேலதான் சேர், எப்பவும்." பளீல் அங்கிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

"ஆரும் வந்தவையோ?"

"நேத்து நான் அசர் தொழப் போன நேரம் கப்பல் கம்பனி ஏஜென்ட் வந்திருக்கான். அவன்தான் எடுத்திருப்பான்! கொதிகலன் அறையில நடந்ததைக் கண்ணால கண்டவர் சொன்னது அது ஒண்டுதான்."

கதிரையில் ஒரு கிதாபு விரித்தபடி கிடந்தது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து.

"இது?"

"தங்கச்சிட. அக்கம்பக்கத்துப் பொம்பிளைகளுக்கு வாசிச்சுச் சொல்லுவா."

விதவையான தங்கை றலியா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பேசினாள். "நான் குசினியில இருந்தேன் சேர். எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தக் கடதாசியெல்லாம் எனக்கு ஒண்டுதான்."

நல்லநாதன் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் தமிழ் எழுத்து.

"காணாமல் போனதும் இப்பிடித்தானோ?"

"இல்ல சேர். அது பேருவளை ஆள் அவர் கையாலயே அறபெழுத்தில தமிழை எழுதுற அறபுத்தமிழில எழுதினது."

10.05. நல்லநாதனுக்கு வந்திருக்கவே கூடாதோ என்று பட்டது.

"ஏஜென்டுக்கு அந்த எழுத்து விளங்காது. அவர் எடுத்திருந்தால் கட்டோட கொண்டு போயிருப்பார். எடுத்தவருக்கு மற்றப் பதினொண்டையும் வாசிக்க ஏலாது. இது ஒண்டைத்தான் வாசிக்க ஏலும்." திரைச்சீலையின் பக்கம் திரும்பாமலே கேட்டார். "தங்கச்சி, அதில ஆற்ற பேர் இருந்தது?"

திரைச்சீலைக்குப் பின்னால் கடதாசி சரசரத்தது.

"என்ட மாப்பிள்ளட பேரு. அலுமாரி துடைக்கக்குள்ள கண்டேன். காய்ச்சல்ல மவுத்தானார் எண்டு சொன்னீங்களே காக்கா. ஆறு வருசம் அதை நம்பிக்கொண்டு இருந்தேனே."

அண்ணன் பளீல் தலை குனிந்தார். கொதிகலன் அறையில் றலியாவின் கணவரிடம் ஓய்வே தராமல் அடுத்தடுத்து இரண்டு நேர வேலை வாங்கினார்கள். தண்ணீர் வாளி வெறுமையாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் தேடி மேல்தட்டுக்கு ஏறுகையில் ஏணியிலேயே விழுந்து மாண்டார். இதைத் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல பளீலுக்குத் துணிவு வரவில்லை.

திரைச்சீலை விலகியது. மடித்த தாளை நீட்டியபடி றலியா நின்றாள்.

"அனுப்புங்க காக்கா. மத்த பொம்பிளைகளுக்காவது இப்பிடி வராமப் போகட்டும்." பிறகு, கப்பலில் காலம் கழித்த அண்ணனிடம் மெல்லக் கேட்டாள். "அந்த ஏணிக்கு எத்தினை படி?"

"முப்பத்தெட்டு."

"அவர் எத்தினை ஏறினார்?"

வாக்குமூலத்தில் அது இல்லை. பளீல் தாளை வாங்கிக் கட்டில் ஏழாவதாகச் செருகினார். நல்லநாதன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே நடந்தார்.