கமிஷன் வேண்டாம் என்ற தரகர்

தரகர் கமிஷன் வேண்டாம் என்று சொன்னபோதே அவளுக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது. தெருவில் அவளுக்குப் 'பேரம் அக்கா' என்று பெயர். தூரத்தில் அவள் தலையைக் கண்டதுமே காய்கறி வண்டிக்காரர்கள் வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். தரகு எவ்வளவு கேட்டாலும் பாதியாக்கிவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், அந்த மனிதர் பேரத்துக்கே இடம் கொடுக்காமல், "காசா ஒண்ணும் வேண்டாம்மா" என்றுவிட்டார்.

"வீட்டைக் காலி பண்ணிச் சாவி குடுக்கிற அன்னிக்கு உள்ள என்ன மிச்சம் இருக்கோ, அது எனக்கு. அவ்வளவுதான்."

கால் உடைந்த நாற்காலியும் கிழிந்த பாயும் வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டு சரி என்றாள். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. மிச்சம் வைத்தால்தானே ஐயா எடுப்பீர்!

அவளுக்கும் கணவருக்கும் இந்த வீட்டை முடித்துக் கொடுத்தவரும் இதே தரகர்தான். அன்றைக்கும் இதே வெள்ளைச் சட்டை, நரை தட்டாத இதே மீசை, கிட்டே வந்தால் மூக்கில் ஏறும் இதே பாச்சை உருண்டை வாசனை. அன்றைக்கும் கமிஷன் வாங்கவில்லை. "வித்தவங்க குடுத்துட்டாங்க" என்றார். விற்றவள் ஒரு தையல்காரம்மா. சொல்லாமல் கொள்ளாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீடு அவளை விழுங்குகிற மாதிரி பெரிதாகிவிட்டது. வெளியூரில் மகளுக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. "நீ வராம நான் ஆஸ்பத்திரிக்குள்ள காலே வைக்க மாட்டேம்மா" என்று தினமும் போனில் அழுகை. விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீட்டை விற்கிறவர் நிற்கக் கூடாது என்று தரகர் கறாராகச் சொல்லியிருந்தார். மூஞ்சியைப் பார்த்தே விலையைக் குறைப்பார்களாம். சரி, பக்கத்து வீட்டில் போய் உட்காரலாம்தான். ஆனால் யார் என்ன குறை சொன்னார்கள், எவ்வளவுக்குப் படிந்தார்கள் என்பது தெரியாமல் அவளுக்குத் தலை வெடித்துவிடும். அதனால் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அதற்குள் சுரண்டும் சத்தம் உண்டு. இடையிடையே டிக், டிக் என்று இரும்பில் தட்டுவது போலவும் கேட்கும். "பழைய வீடும்மா, எலிதான், போகப் போகப் பழகிடும்" என்று தரகர் அன்றே சொல்லியிருந்தார். பழகித்தான் போயிற்று. வருஷக்கணக்காகப் பொறி வைத்தாள், மருந்து வைத்தாள். ஒரு எலிகூடச் செத்துக் கிடக்கவில்லை. உள்ளே நிற்கும்போதெல்லாம் ஈரச் சுவரின் வாடைக்கு அடியில், தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயின் மெல்லிய வாசனை ஒன்று வரும். பழைய வீட்டில் என்னென்னவோ நாறும் என்று அவள் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது கதவு முன்பைவிடக் கொஞ்சம் இறுகியிருந்தது மட்டும் எரிச்சலாக இருந்தது.

ஒருவழியாக வீடு படிந்தது. பத்திரமும் பதிவாயிற்று. சாவி கொடுக்கும் நாள் வந்தபோது அவள் செய்த வேலையைப் பார்த்து லாரிக்காரனே வாயடைத்துப் போனான். சாமான்களை ஏற்றியது போதாதென்று, சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கினாள். பல்புகளைக் கழற்றினாள். கதவுகளில் இருந்த பித்தளைக் கைப்பிடிகளைத் திருகித் திருகி எடுத்தாள். கடைசியாகச் சாமான் அறை. அதன் பல்பும் போயிற்று, உள்பக்கக் கைப்பிடியும் போயிற்று.

"என்னக்கா, சுவரை மட்டும் விட்டுட்டீங்க?" என்றான் லாரிக்காரன்.

"அதுவும் உதிருமான்னு பார்த்தேன், உதிரல" என்று சிரித்தாள். தரகருக்கு ஒரு துரும்புகூடக் கிடைக்காது. உச்சி குளிர்ந்து போயிற்று அவளுக்கு.

லாரி கிளம்பிப் போனது. வெறும் ஹாலில் கைப்பை மட்டும் இருந்தது, ஜன்னல் கட்டையின் மேல், உள்ளே போனோடு. சாயங்கால வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வீடு வாங்கியவர்கள் வந்துவிட்டார்கள். கூடவே தரகரின் குரல்.

இவர்களிடம் அந்த ஆள் என்ன கமிஷன் கறக்கிறார்? இது தெரியாமல் எப்படிப் போவது? பழக்க தோஷம், கால் தானாக நடந்தது. சாமான் அறைக்குள் போய்க் கதவை விளிம்பைப் பிடித்து இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய பிறகுதான் நினைவு வந்தது. கைப்பிடி ஹாலில், கைப்பைக்குள் இருந்தது.

தடவிப் பார்த்தாள். வழவழவென்று மரம். திருகாணி இருந்த ஓட்டைகள். விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள், இம்மிகூட அசையவில்லை. சே, என்ன மானக்கேடு, தட்டினால் திறந்துவிடப் போகிறார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்குள் ஹாலில் பேச்சு கேட்டது.

"உங்க கமிஷன் எவ்வளவுங்க?" என்றார் வாங்கியவர்.

"உங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம் சார்" என்றார் தரகர். "வித்தவங்க குடுத்துட்டாங்க."

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. கதவை ஓங்கித் தட்டினாள். "நான் உள்ள இருக்கேன், திறங்க!" என்று கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

ஹாலில் காலடிகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பின.

"என்னங்க, படிக்கட்டுக்குக் கீழ ஏதோ சுரண்டுதே?" என்றாள் வாங்கியவரின் மனைவி.

"பழைய வீடும்மா. எலிதான். போகப் போகப் பழகிடும்."

அவள் இரண்டு கையாலும் அறைந்தாள். காலால் உதைத்தாள். அப்போது கைப்பைக்குள் போன் அடித்தது. மகள். மகளேதான், இந்த நேரத்துக்கு அவள்தான். "எடுங்களேன், யாராவது எடுங்களேன்" என்று அழுதாள். யாரோ எடுத்தார்கள்.

"வித்தாச்சுடி கண்ணு" என்றது ஒரு குரல். "கமிஷன் ஒரு பைசா குடுக்கல. கிளம்பிட்டேன். காலையில உன் பக்கத்துல இருப்பேன்."

அவளுடைய சொந்தக் குரல். அதே இழுப்பு. கடைசியில் அதே சிரிப்பு.

கதவிடுக்கு வழியாகப் பாச்சை உருண்டை வாசனை வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விலகிப் போனது. காலடிகள். கேட். பூட்டு.

"அவகிட்ட போகாதே" என்றாள். "என் பொண்ணுகிட்ட போகாதே."

அவள் சொன்னது சுரண்டல் சத்தமாகத்தான் கேட்டது. அவள் காதுக்கே.

இருட்டு. ஈரச் சுவர். மெஷின் எண்ணெய் வாசனை, முன்னைவிடக் கிட்டத்தில்.

டிக்.

அவள் அசையவில்லை.

டிக், டிக்.

முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது. யாரோ சிரமப்பட்டு நகர்ந்து, அவளுக்கு உட்கார இடம் விட்டார்கள். ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் இரும்புத் தொப்பி ஒன்று, சில்லென்று, அவள் மணிக்கட்டைத் தொட்டது.