கத்தரிப்பூ நிற வானம்

மண்டபத்தூர் பள்ளிக்கூடத்தை அன்று புயல் முகாமாக மாற்றியிருந்தார்கள். நாலு மணிக்கெல்லாம் வடிவாம்பாள் பாயும் துணிமூட்டையுமாக, பதினாலு வயது மகள் தீபாவோடு வந்து சேர்ந்தாள். வகுப்பறையில் உப்புமா வாசனை. கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன.

மழை இல்லை. காற்றும் இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. ஐந்து மணி வாக்கில் வானம் அரைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆனது. பிறகு மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. சுவர், தட்டிலிருந்த உப்புமா, எதிரே சிரித்தவரின் பல், எல்லாம் அதே நிறம்.

"பயப்படாதீங்க. புயல் மேகத்துல வெளிச்சம் செதறுனா இப்படித்தான் தெரியும்," என்றார் முகாமைக் கவனித்துக்கொண்ட தெட்சிணாமூர்த்தி சார்.

வடிவாம்பாளுக்கு அந்த நிறம் புதிதல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் வானம் இப்படிக் கிடந்த மாலையில்தான், கடலில் விட்டுவந்த வலையை எடுக்கிறேன் என்று அவள் புருஷன் ராஜ்மோகன் புறப்பட்டான். படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். கேட்கவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது.

தீபா ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"அம்மா, அப்பா நிக்கிறாரு."

கொடிக்கம்பத்தின் பக்கத்தில் ஓர் உருவம். ஈரம் சொட்டும் லுங்கி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வானத்தின் நிறம்தான் இருந்தது.

குழந்தைகளின் அழுகை சட்டென்று நின்றது.

அழுகிய பாசியின் நாற்றம் அறைக்குள் வந்தது.

"தீபா..."

குரல் கம்பத்தடியிலிருந்து வரவில்லை. காதோரத்திலிருந்து வந்தது.

"தனியா இருக்கேம்மா. வா."

தீபா இமைக்காமல் கதவை நோக்கி நடந்தாள். வடிவாம்பாள் அவள் தோளைப் பற்றினாள். ஐஸ் போலச் சில்லிட்டது. தீபா நிற்காமல் முன்னே இழுத்தாள். அது ஒரு சின்னப் பெண்ணின் இழுப்பல்ல. நீரோட்டத்தில் சிக்கிய வலையின் இழுப்பு.

"சார், இவளைப் புடிச்சுக்குங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க!"

மகளை அவரிடம் தள்ளிவிட்டு வெளியே போனாள். கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாள் போட்டாள்.

"யோவ் ராஜ்மோகன்!"

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த உருவம் அவள் பக்கம் திரும்பியது.

"வடிவு..."

"கயித்தப் புடிச்சிக் கெஞ்சுனேன். கேட்டியா? நீயாத்தானே போன! மீன்கூடை சுமந்து இவள வளத்தது நானு. கூப்புடுறதுக்கு உனக்கு என்ன உரிமை? தொணை வேணும்னா என்னைக் கூப்புடு. நானும் வரமாட்டேன்!"

அது ஓரடி எடுத்து வைத்தது.

அவளும் ஓரடி எடுத்து வைத்தாள்.

இன்னும் ஓரடி. அவள் நாக்கில் உப்புக் கரித்தது. குனிந்து ஒரு பிடி மண்ணை வாரினாள். முகமில்லாத அந்த முகத்தில் வீசினாள்.

"போ!"

அந்த நொடியில்தான் காற்று எழுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது கம்பத்தடியில் யாரும் இல்லை. தாழ்ப்பாளை நீக்கி உள்ளே ஓடினாள்.

விடியும்வரை புயல் அடித்து ஓய்ந்தது. காலையில் வானம் செக்கச்செவேலென்று சிவந்து, பிறகு கழுவிவிட்ட நீலமானது. தீபா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "பசிக்குதும்மா" என்றாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

மூன்றாம் நாள் வடிவாம்பாள் தன் வீட்டு வாசலைப் பெருக்கும்போது பார்த்தாள். ஓர் ஆள் நிற்கும் அளவு மணல் மட்டும் கத்தரிப்பூ நிறமாக இருந்தது. கையை நீட்டினாள். கையும் அந்த நிறமானது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பிறகு மீன்கூடையைக் கொண்டுவந்து அதற்கும் வாசற்படிக்கும் நடுவே பொத்தென்று வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நிக்கிறதுன்னா நில்லு. உள்ள மட்டும் காலை வைக்காத."

மேகமே இல்லாத உச்சிவெயிலில், அந்த நிறம் கூடையைச் சுற்றிக்கொண்டு படியை நோக்கி விரலளவு நகர்ந்தது.

அவளும் கூடையை விரலளவு நகர்த்தி வைத்தாள்.