ஆட்டின் தலையில் நரிவால் தொப்பி

காலை 8:40. பள்ளிச் சரக்கறையில் மரப்பெட்டியின் மூடியைத் தூக்கிய மீரிம் உள்ளே கையை விட்டாள். கை நேராக அடிப்பலகையில் போய் இடித்தது. பன்னிரண்டு படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அந்துருண்டைகள் மட்டும் இருந்தன.

9:15. நாரின் நகரக் காவல் நிலையத்திலிருந்து லெப்டினன்ட் கெரெஸ் அந்த மழலையர் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். சரக்கறைப் பூட்டைக் குனிந்து பார்த்தாள். கீறல் இல்லை. நிமிர்ந்தாள். ஒரு சந்தேகம் எழ, மறுபடி குனிந்து பார்த்தாள். இப்போதும் கீறல் இல்லை. எதையும் இரண்டு முறை பார்ப்பது அவள் வழக்கம். நிலையத்தில் இதை வைத்து அவளைக் கேலி செய்வார்கள். அவளுக்குக் கவலையில்லை. முதல் தடவை பார்த்தபோது தான் நினைத்தது எத்தனை முறை தப்பாகியிருக்கிறது என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

"என்ன காணோம்?"

"என் புத்தகத்துக்கான படங்க. பன்னிரண்டும்," என்றாள் மீரிம்.

மீரிம் அந்தப் பள்ளியின் ஆசிரியை. தன் வகுப்புப் பிள்ளைகளுக்காக இரண்டு வருடமாகச் சிரிப்புப் பாட்டு எழுதிவருகிறாள். தலைநகரில் ஒரு பதிப்பகம், பாட்டில் நீதி இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டது. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். படங்களைச் செய்தவர் சோனுன். ஊரில் கம்பள வேலைக்குப் பேர்போனவர். வெள்ளையும் சிவப்புமாக இரண்டு தடித்த கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒரே வெட்டில் உருவங்களை வெட்டி, ஒன்றை மற்றொன்றில் பதித்துத் தைப்பார். நாரினில் எல்லா வீட்டுக் கம்பளமும் அப்படித்தான் உருவாகிறது. குழந்தைகள் புத்தகத்துக்கு அந்த வேலையைச் செய்தது இதுதான் முதல் தடவை.

"போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே?"

"இன்னைக்குத்தான் எடுக்கறதா இருந்துச்சு. நேத்து சாயந்திரம் திலெக் வந்தான், போட்டோக்காரன். பாத்துட்டு, வெளிச்சம் பத்தாது, காலையில எடுக்கலாம்னு போயிட்டான். மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள அச்சகத்துக்கு அனுப்பணும்."

"ரெண்டு மணி தாண்டினா?"

"அப்புறம் அச்சு மிஷின்ல பள்ளிக்கூடச் சான்றிதழ் அடிக்கற வேலை ஏறிடும். ஜூலை வரைக்கும் புத்தகம் கிடையாது. ஜூன் ஒண்ணு, குழந்தைகள் தினம் முடிஞ்சதும் என் பிள்ளைங்க எல்லாம் மேய்ச்சல் மலைக்குப் போயிடுவாங்க. திரும்பி வந்தா பெரிய பள்ளிக்கூடம். இது அவங்களுக்காகப் பண்ண புத்தகம் லெப்டினன்ட். அவங்க இல்லாம நான் யாருக்குப் படிக்கறது?"

கெரெஸ் எழுதிக்கொண்டாள். "படத்துல என்னென்ன இருக்கு?"

"ஓநாய்க்குச் செருப்பு. ஒட்டகத்துக்குக் குடை. பாட்டு வாத்தியார் ஆட்டுக்கு நரிவால் தொப்பி. இதெல்லாம் பாட்டுல இல்ல. சோனுன் அக்காவா சேத்த குறும்பு."

சரக்கறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று மீரிமின் கழுத்துக் கயிற்றில். மற்றொன்று சமையலறை ஆணியில் தொங்கும் கொத்தில். நேற்று மாலை ஆறு மணிக்குப் பூட்டியது மீரிம். காலை ஏழு மணிக்கு முன்வாசலைத் திறந்தது சமையல்காரி ராயா.

9:40. சமையலறை. ராயா மாவைப் பிசைந்தபடியே பேசினாள்.

"சாவிக்கொத்து ராத்திரி எங்க இருந்துச்சு?"

"ஆணியில."

"காலையில?"

"ஆணியில. என்ன பாக்கறீங்க? எனக்கு அந்த ஆட்டுப் படம் எதுக்கு? அடுப்புல வச்சா வேகுமா? போய் அந்தப் போட்டோக்காரனப் பிடிங்க. நேத்து இங்கதான் உக்காந்து டீ குடிச்சான், ஆணிக்கு நேர் கீழ. 'இத தலைநகர்ல சுவத்துல மாட்டிக்கறதுக்கு அடிச்சிக்குவாங்க'ன்னு அவன் வாயாலயே சொன்னான்."

"காலையில யார் யார் வந்தாங்க?"

"ஏழரைக்கு மேடம். எட்டரைக்கு மீரிம். அப்புறம்தான் பிள்ளைங்க."

9:55. திலெக் மூன்று கால் தாங்கியைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றான்.

"சுவத்துல மாட்டறதப் பத்திப் பேசினியாமே?"

"பேசினேன். அழகா இருந்துச்சு, சொன்னேன். அழகா இருக்குன்னு சொன்னா திருட்டா? அப்படின்னா எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு விஷயத்துல எனக்கு ஆயுள் தண்டனை."

"ராத்திரி எங்க இருந்தே?"

"மாமன் வீட்டுக் கல்யாணம். எண்ணூறு போட்டோ எடுத்திருக்கேன். ஒவ்வொண்ணுலயும் நேரம் இருக்கு. விடிஞ்சு எட்டு மணி வரைக்கும்."

கெரெஸ் கேமராவை வாங்கிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். மணப்பெண் அழுதது 7:52க்கு.

10:10. தலைமையாசிரியை அனார்கானின் அறை.

அனார்கான் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தார். கெரெஸ் சலாம் சொல்லிக் கையை நீட்டினாள். அனார்கான் மேசைமேல் சாய்ந்து எட்டித்தான் கையைக் கொடுத்தார்.

"உக்காரும்மா. ராயா! லெப்டினன்டுக்கு டீ!"

ராயா கெட்டிலோடு வந்து, கோப்பையில் பாதி ஊற்றிக் கொடுத்தாள்; நிறைய ஊற்றினால் கிளம்பச் சொல்வதாக அர்த்தம். "மேடத்துக்கு இன்னைக்கு மூட்டு வலி போல," என்று முனகிக்கொண்டே போனாள்.

"மீரிமோட படங்களப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? என் தொப்பியக் கொண்டுபோய் ஆட்டு மண்டையில மாட்டியிருக்காங்க! நாரின் முழுக்க நரிவால் வச்ச தொப்பி யார் போடறா? நான் ஒருத்திதான். இருபத்தாறு வருஷ சர்வீஸ், லெப்டினன்ட். நாளைக்குப் பிள்ளைங்க என்னப் பாத்து மே மேங்கும்."

"படத்த எங்க பாத்தீங்க?"

"சோனுன் வீட்டுல. போன வியாழக்கிழமை டீ குடிக்கப் போனேன். கொடியில தொங்கிட்டிருந்துச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? சிவப்புத் தரையில வெள்ளை ஆடு. கண்ணப் பறிக்குது."

"சரக்கறையில பாத்தீங்களா?"

"அந்தப் பக்கமே போகல. எனக்குக் கோபம்தான், மறைக்கல. ஆனா கோபப்பட்டவங்க எல்லாம் திருடங்கன்னா ஊர்ல ஒருத்தரும் வெளிய நடமாட முடியாது."

கெரெஸ் எழுதிக்கொண்டாள். மறைக்காமல் கோபப்படுகிறவர் பொதுவாகத் திருடுவதில்லை என்று தோன்றியது. அது முதல் எண்ணம் என்பதால் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

10:55. ஆற்றங்கரைத் தெருவில் சோனுனின் வீடு. தரையில் பெரிய கம்பளம் ஒன்று விரிந்திருந்தது. சோனுன் அதன் நடுவில் மண்டியிட்டு, ஒட்டக ரோம நூலால் வரிவரியாகத் தைத்துக்கொண்டிருந்தார். கெரெஸ் ஷூவைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அவள் முழங்காலுக்குக் கீழே செருப்புப் போட்ட சிவப்பு ஓநாய் ஒன்று பல்லைக் காட்டியது.

"அனார்கான் மேடம் போன வியாழக்கிழமை இங்க வந்தாங்களாக்கா?"

"வந்தாங்க. இது கொடியில காஞ்சிட்டிருந்துச்சு. தொப்பியப் பாத்ததும் டீ புரையேறிடுச்சு. நான் முதுகுல தட்டினேன். அதுக்கும் கோச்சுக்கிட்டாங்க."

"சரி, அவங்க சொன்னது உண்மைதான்." கெரெஸ் அந்த வரிக்கு எதிரே ஒரு டிக் அடித்தாள். "இன்னைக்குள்ள மறுபடி செஞ்சு தர முடியாதா?"

"இருபது நாள் வேலைம்மா."

"இந்தக் கம்பளத்தையே போட்டோ எடுத்தா?"

"இது என் பொண்ணு சீருக்கு. கால் வச்சு நடக்கறதுக்காக நெருக்கமாத் தைச்சாச்சு. இதப் புத்தகத்துல போட்டா ஆட்டுக்கு அம்மை வார்த்த மாதிரி இருக்கும். மீரிமுக்குக் கொடுத்தது சுத்தமா, கண்ணாடி மாதிரி. ரெண்டு வாரம் முன்னாடியே வந்து வாங்கிட்டுப் போயிட்டா."

11:30. பாலத்தைத் தாண்டும்போது கெரெஸ் வண்டியை ஓரம்கட்டினாள். எங்கோ இடித்தது. குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தாள். டிக் அடித்த இடத்தில் கண் நின்றது. எல்லாம் பொருந்தியது. மறுபடி படித்தாள்.

அந்த முறை பொருந்தவில்லை.

12:20. அனார்கானின் அறையில் மீரிமும் திலெக்கும் சுவரோரம் நின்றார்கள். ராயாவைக் கூப்பிடவில்லை, ஆனாலும் அவள் கதவருகே இருந்தாள். அனார்கான் காலையில் இருந்தபடியே மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"படங்கள எடுத்தவங்க இந்த அறையில இருக்காங்க," என்றாள் கெரெஸ். "திலெக் இல்ல. எட்டு மணி வரைக்கும் அவன் கல்யாண வீட்டுல இருந்தான், மீரிம் பெட்டியத் திறக்கறதுக்கு முன்னாடி இங்க வரவே இல்ல. மேடம், ஒரே ஒரு கேள்வி. ஏற்கெனவே கேட்டதுதான். சோனுன் அக்கா வீட்டுல பாத்த ஆடு என்ன நிறம்?"

"வெள்ளை. எத்தனை தடவை சொல்றது?"

"அது சிவப்பு மேடம்."

அனார்கான் நாற்காலியில் இன்னும் அழுந்தி உட்கார்ந்தார்.

"ரெண்டு கம்பளிய ஒண்ணா வச்சு வெட்டினா ரெண்டு படம் வரும். சிவப்புல வெட்டின குழியில வெள்ளை ஆடு உக்காரும். வெள்ளையில வெட்டின குழியில சிவப்பு ஆடு உக்காரும். இது நம்ம எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் யாரும் யோசிக்கல. நானும் அந்தக் கம்பளத்து மேலயே உக்காந்துட்டு, நீங்க சொன்னது உண்மைன்னு டிக் அடிச்சுட்டு வந்தேன். வெள்ளை ஆடு ரெண்டு வாரம் முன்னாடியே மீரிம் பெட்டிக்குள்ள போயிடுச்சு. நீங்க வியாழக்கிழமை பாத்தது சிவப்பு. வெள்ளைய எப்ப பாத்தீங்க?"

"ஏதோ நிறம் மாறிப்போச்சு. வயசாகுதில்ல?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால இன்னொண்ணையும் யோசிச்சேன். காலையில விருந்தாளி வந்தும் நீங்க எந்திரிக்கல. ராயா அக்கா, இந்த அறைக்கு வர்றவங்களுக்கு யார் டீ ஊத்துவாங்க?"

"மேடம்தான்," என்றாள் ராயா. "கெட்டில என்னத் தொட விட மாட்டாங்க. நான் நிறைய ஊத்தி விருந்தாளியத் துரத்தறேனாம்."

"இன்னைக்கு மட்டும் மூட்டு வலி. இன்னைக்கு மட்டும் நாலு விரல் உயரம் ஜாஸ்தி. மேடம், தயவுசெஞ்சு எந்திரிங்க."

அனார்கான் எழுந்தார். நாற்காலித் திண்டை மீரிம் தூக்கினாள். அடியில் பன்னிரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, இன்னும் சூடாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி போட்ட வெள்ளை ஆடு.

"காலையில ஏழரைக்கு, ராயா அந்தப் பக்கம் திரும்பினப்ப ஆணியில இருந்த சாவிய வச்சு எடுத்தேன்," என்றார் அனார்கான். குரல் உடையவில்லை. "மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுபோலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவ பெட்டியத் திறந்துட்டா. ஜூன் ஒண்ணு தாண்டட்டும்னுதான். எரிக்கணும்னு நினைக்கல. கை வேலைய யார் எரிப்பா?"

கெரெஸ் மீரிமைப் பார்த்தாள். "புகார் உன் பேர்ல இருக்கு. என்ன பண்ணலாம்?"

"அந்த ஒரு பக்கத்த எடுத்துடு," என்றார் அனார்கான் மீரிமிடம். "மத்த பதினொண்ணையும் நானே மேடையில படிக்கிறேன்."

"எடுக்க மாட்டேன் மேடம்."

"மீரிம்!"

"பாட்ட முழுசாக் கேட்டீங்களா?"

"கேக்காம? 'ஆடு ஒன்று பாட்டு வாத்தியார் ஆனது, மே மே என்றே பாடமும் போனது.' தாழ்வாரம் பூரா இதேதான்."

"அது முதல் ரெண்டு வரி. பிள்ளைங்களுக்கு அதுக்கப்புறம் சிரிப்பு வந்துடும், நிறுத்திடுவாங்க." மீரிம் பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அனார்கான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கடிக்க வந்த ஓநாய் கதவோரம் நின்றது,
கடைசிப் பெஞ்சு காலியா என்றே கேட்டது!

அனார்கான் படித்தார். அன்று இரண்டு முறை படித்தது கெரெஸ் மட்டுமல்ல.

"ஓநாய்க்கு இடம் குடுத்துச்சா?"

"குடுத்துச்சு. உங்களத் தவிர வேற யாரு குடுப்பா? என் வகுப்பு நரசியக்கூட மாசம் நடுவுல சேத்துக்கிட்டீங்களே, எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காத பிள்ளைய. சோனுன் அக்கா அதப் பாத்துட்டுத்தான் தொப்பிய வச்சாங்க. நான் அந்தப் பக்கத்த எடுத்தா புத்தகமே இல்ல."

அனார்கான் தாளை மடித்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். கேட்டால் தரமாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

மீரிம் புகார்த் தாளைக் கெரெஸிடமிருந்து வாங்கி நான்காகக் கிழித்தாள்.

12:50. முற்றத்தில் நல்ல வெயில். பதினொரு படங்களை எடுத்து முடித்த திலெக் பன்னிரண்டாவதில் நின்றான். அடுக்கில் மேலே இருந்ததால் அதுதான் அதிகம் குழிந்திருந்தது. பலகையில் ஒட்டினால் ஓரங்கள் சுருண்டன.

"யாராவது ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிக்கணும். இல்லன்னா ஆட்டுக்குக் கூன் விழும்."

மீரிம் முன்னால் போகுமுன் அனார்கான் போய்விட்டார். படத்தின் பின்னால் நின்று, மேல்முனைகள் இரண்டையும் விரலால் பற்றி விறைப்பாக இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மேடம்," என்றான் திலெக் கேமராவுக்குள் பார்த்தபடி. "கவலப்படாதீங்க, நீங்க படத்துல வர மாட்டீங்க."

"நான்தான் ஏற்கெனவே வந்தாச்சே," என்றார் அனார்கான். "எடு."