வாய் கட்டிய நீலக் கண்ணாடிகள்

நாவலப்பிட்டி டவுனில் நல்ல வெயில் அடித்தது. வேன் மலையேறிப் பாதி வழி போவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்விளக்கைப் போட்டும் ரோடு தெரியவில்லை. ரஸீன் நானா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தேயிலைச் செடிகளின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிரோஷினிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. நீலக் கண்ணாடி இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குப் பள்ளமும் தெரியாது, மேடும் தெரியாது.

கண்டி மாநகர சபையில் கிளார்க் வேலை. அம்பிட்டியவில் வீடு. மற்றப் பெண்கள் நகை சேர்த்தார்கள், அவள் கோபால்ட் நீலக் கண்ணாடி சேர்த்தாள். அதிலும் அந்தக் கால வைன் கிளாஸ் என்றால் உயிர். வைனை அவள் வாயில் வைத்ததே கிடையாது. ஆனால் ஒரு கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினால், உருகிய கண்ணாடியிலேயே ஊறிய நீலமா, வெள்ளைக் கண்ணாடிக்கு மேலே பூசிய சாயமா என்று நொடியில் சொல்லிவிடுவாள். பிலிமத்தலாவையில் பழைய சாமான் கடை வைத்திருந்த ரஸீன் நானாவுக்கு இது தெரியும். மேல்மலையில் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கப் போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்.

பங்களாவின் சாவி அதைக் கூட்டித் துடைக்கிற இரத்தினம்மாவிடம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஈரத் தலையோடு வந்த அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டாள்.

உள்ளே ஈரச் சுவரின் வாடை. சாப்பாட்டு அறை மேசையில், விரலால் எழுதலாம்போலத் தூசி. மூலையில் இருந்த அலுமாரியின் மேல்தட்டில் ஆறு கிளாஸ்கள் நின்றன. ஒவ்வொன்றின் வாயையும் துணியால் மூடி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவதுபோல.

துணியில் மட்டும் தூசியே இல்லை.

"தூசி போகாம கட்டி வெச்சீப்பாங்க" என்றார் ரஸீன் நானா.

நிரோஷினி இரத்தினம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க மாமியா இந்த வீட்டக் கூட்டுன காலத்துலயும் இப்படித்தான் கெடந்திச்சு. துணி நைஞ்சா மேலயே இன்னொண்ணு கட்டுவோம். அவுத்ததில்ல."

நிரோஷினி ஒன்றை அவிழ்த்தாள். வெள்ளைத் துணிக்குக் கீழே பழுப்புத் துணி, அதற்குக் கீழே பூப்போட்ட சீத்தைத் துணி, அதற்கும் கீழே சாக்கு நூல். வெங்காயம் உரிப்பதுபோல வந்துகொண்டேயிருந்தது. கடைசியாகத் தொட்டால் பொடியாகிற ஒரு பட்டுக் கைக்குட்டை. அதை எடுத்ததும் ஒரு வாடை வந்தது. இனிப்பும் கசப்புமாக, நாள்பட்ட மருந்துப் போத்தலைத் திறந்ததுபோல.

இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டாள்.

கிளாஸ் உள்ளே காய்ந்து சுத்தமாகத்தான் இருந்தது. அடியைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியை ஊதிச் செய்தவன் கம்பியை உடைத்தெடுத்த தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. நகத்தால் சுண்டினாள், கோயில் மணியின் மிச்சம்போல நீளமாக ஒலித்தது. விளிம்பில் பொன் பூச்சு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது, அந்த மூட்டத்திலும் கிளாஸுக்குள் நீலம் பற்றி எரிந்தது. ரஸீன் நானா விலை சொல்லி முடிக்கவில்லை, அவள் தலையாட்டிவிட்டாள்.

வீட்டில் அவளுடைய ஆசைக்குத் துணை, மாமனார் சண்முகநாதன்தான். கண்டி டவுனில் ஹாட்வெயார் கடை நடத்தி, இதய ஆபரேஷனுக்குப் பிறகு கடையை அவள் கணவன் ஜனகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். தாயில்லாமல் வளர்ந்த நிரோஷினிக்கு, கல்யாணமாகி வந்த வீட்டில் முதலில் ஒட்டிக்கொண்டது அவரோடுதான். அவள் எதையாவது வாங்கி வந்தால், ஜனகன் 'இன்னும் ஒன்றா' என்று முகத்தைச் சுளிப்பான். மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்.

அன்றும் அப்படித்தான். பேசினுக்குள் துணி விரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அவள் ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுக்க, மாமா துடைத்து வைத்தார். ஒரு கிளாஸில் மட்டும் பொன் பூச்சு ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. ஒரே ஆள், ஒரே இடத்தில், நெடுநாள் வாய் வைத்துக் குடித்த தேய்மானம். மாமா அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"யாரோ நல்லா அனுபவிச்சிருக்காங்கம்மா" என்று சிரித்தார்.

ஹோல் ஜன்னலில் ஜனகன் அடித்துக் கொடுத்திருந்த தட்டில், பொன் தேய்ந்தது கடைசியாக வர, ஆறையும் வரிசையாக வைத்தாள். பின்னேரம் ஹந்தானை மலைக்குப் பின்னால் சூரியன் சாயுமுன், வெயில் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். வந்தது. எதிர்ச் சுவரில், மாமாவின் சாய்மனைக் கதிரைக்கு மேலே, ஆறு நீலக் கிளாஸ்கள் ஒளியால் எழுதியதுபோல நின்றன. நிரோஷினி காப்பியை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அந்த வாரம் முழுக்கப் பின்னேரத்தில் தூங்கினார். முன்பெல்லாம் பேப்பர் வாசிக்கிற நேரம் அது. ஆபரேஷன் செய்த உடம்பு, ஓய்வு கேட்கிறது என்று நினைத்தார்கள். எழுந்தால் முகத்தில் ஒரு குளிர்ச்சி. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிவிடுவதுபோலக் கனவு வருகிறது என்றார். செத்துப்போன தன் மனைவி என்று அவர் சொல்லவில்லை. யாரோ என்றுதான் சொன்னார்.

பிறகு சாப்பாடு கசக்கிறது என்று கையை உதறினார். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. கிளினிக்கில் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிரோஷினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா கதிரையில் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினார். தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள்.

ஐந்து கிளாஸ்களின் ஒளி தெளிந்த நீலமாக இருந்தது. ஆறாவதில், பாதிவரை கறுப்பு.

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். தட்டில் ஆறும் வெறுமையாகத்தான் நின்றன.

மறுபடி சுவரைப் பார்த்தாள். கறுப்பு அங்கேயே இருந்தது. நீலக் கண்ணாடிக்குள் அடர்ந்த எந்த நிறத்தை ஊற்றினாலும் கறுப்பாகத்தான் தெரியும், உள்ளே இருப்பது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கறுப்பு மெல்லச் சரிந்தது. ஒரு பக்கமாக.

தூக்கத்திலிருந்த மாமாவின் தொண்டை அசைந்தது. ஒரு மிடறு.

சுவரில் கறுப்பு கொஞ்சம் இறங்கியது.

இன்னொரு மிடறு.

அவள் மடியிலிருந்த துணிகள் சரிந்து விழுந்தன. எழுந்து ஓடிப்போய் மாமாவை உலுக்கினாள். அவர் கண் விழித்து, நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டாயே என்பதுபோலப் பார்த்தார். உதட்டோரம் ஈரமாக இருந்தது.

ஜனகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை, அதுவரை நல்லது. அடுத்த நாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். அன்று மப்பும் மந்தாரமும். ஒன்றும் தெரியவில்லை. பழைய கண்ணாடி, உள்ளே குமிழ் இருக்கும், தடிப்பு ஒரே சீராக இருக்காது, வெயில் அப்படித்தான் விளையாடும் என்றான். அவளே பலருக்குச் சொல்லியிருக்கிற விஷயம்தான். நம்பிவிட அவளுக்கும் ஆசையாக இருந்தது. நம்பாவிட்டால் அந்த ஆறையும் எடுத்துவிட வேண்டிவரும்.

அதனால் கிளாஸ்களை விட்டுவிட்டு, கதிரையை மட்டும் மற்ற மூலைக்கு இழுத்துப் போட்டாள்.

வேலையால் வந்து பார்த்தால் கதிரை பழைய இடத்தில் இருந்தது. மாமா அதில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். நடக்கவே சுவரைப் பிடிக்கிற மனுஷன் அதைத் தனியாக இழுத்திருக்கிறார்.

"இங்கதான்மா இதமா இருக்கு" என்றார். அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அன்றிரவு அவள் முடிவெடுத்தாள். நாளைக்கு வேலையால் வந்ததும் ஆறையும் துணியில் சுற்றி ரஸீன் நானாவிடமே கொடுத்துவிடுவது. காலையிலேயே செய்திருக்கலாம். இன்னும் ஒரே ஒரு பின்னேரம் அந்த ஜன்னலில் அவை நிற்கட்டும் என்று மனசு கெஞ்சியது.

மறுநாள் அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பின்னேரம் நேரத்தோடே லீவு சொல்லிவிட்டு வந்தாள். கதவைத் திறந்ததும் அந்த வாடை. இனிப்பும் கசப்பும். வீடு முழுக்க.

வெயில் ஹோலுக்குள் நீளமாக விழுந்திருந்தது.

சுவரில் ஆறாவது கிளாஸ் வரிசையில் இல்லை. கீழே இறங்கி, மாமாவின் வாய்க்கு நேரே இருந்தது. அதன் காம்பைச் சுற்றி விரல்கள்.

விரல்களுக்குப் பின்னால் மணிக்கட்டு. கழுத்துவரை மூடிய சட்டை. உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. ஒரு பெண்ணின் நிழல், நோயாளிமேல் குனிவதுபோல மிகவும் கனிவாகக் குனிந்திருந்தது.

நிரோஷினி ஜன்னலுக்குப் பாய்ந்து, பொன் தேய்ந்த அந்தக் கிளாஸைப் பிடித்தாள்.

வெறும் கிளாஸ். ஆனால் நிறைந்த குடம்போலக் கனத்தது.

இழுத்தாள். வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். முரட்டுத்தனமில்லை. குழந்தையின் கையிலிருந்து மருந்தைக் காப்பாற்றுகிற தாயின் பிடி, பொறுமையான பிடி.

சுவரில் கொண்டை மெதுவாகத் திரும்பியது. அவள் பக்கம்.

நிரோஷினி இடது கையால் திரைச்சீலையைப் பற்றி, ஜன்னலுக்குக் குறுக்கே பலங்கொண்டு இழுத்து மூடினாள். அறை இருண்டது. கிளாஸ் சட்டென்று லேசாகி அவள் கையோடு வந்தது. மாமா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார்கள். வேறு எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஜனகன் வார்டுக்கு வெளியே நின்று, அவள் சொன்னதை முதல் தடவையாக முழுதும் கேட்டான். பிறகு ரஸீன் நானாவுக்கு அவனே போன் எடுத்தான்.

நிரோஷினி தன் கல்யாணச் சேலையின் முந்தானையைக் கிழித்து ஆறு வாய்களையும் கட்டினாள். கட்டும்போது அழுதாள். பயத்தினாலா, அந்த நீலத்துக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. ரஸீன் நானா கிளாஸ்களை அடுக்கிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தான் அந்தப் பக்கத்து ஆட்களிடம் விசாரித்ததைச் சொன்னார். அந்தக் காலத்தில் பங்களா துரை பேர் தெரியாத நோயில் கிடந்து உருகினாராம். வைனில் மருந்து கலந்து துரைசாணிதான் கொடுப்பாராம். இப்படியொரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று மலையெல்லாம் புகழ்ந்ததாம்.

"சாகுறவரைக்கும் அந்தம்மா நோயாளிய விட்டு எழும்பவே இல்லயாம் தங்கச்சி" என்றார். பிறகு தணிந்த குரலில், "அவருக்குப் பொறகு அவர் தம்பிக்கும் அதே நோய். அவருக்கும் அந்தம்மாதான் பார்த்தீக்கிறாங்க" என்றார்.

அன்றைக்கே அவர் மலையேறி, பெட்டியை இரத்தினம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மாள் வாங்கி, தன் பங்குக்கு ஒவ்வொன்றுக்கும் இன்னொரு துணியும் கட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டினாளாம்.

மாமா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்தவரை தேறிக்கொண்டே வந்தார். உதட்டின் நீலம் வடிந்தது. வீட்டுக்கு வந்த அன்று முருங்கைக்காய்க் குழம்பு கேட்டுச் சாப்பிட்டு, உப்புக் குறைகிறது என்று குற்றமும் சொன்னார். அந்தக் குற்றம் நிரோஷினிக்குத் தேவாரமாகக் கேட்டது. ஜன்னல் தட்டை ஜனகன் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தான். கதிரையையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. அவர் இப்போது சாப்பாட்டு மேசையில், அவர்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார். வெளியே மழை பிடித்திருந்தது. வெயிலின் சுவடே இல்லை.

ஜனகன் கடையில் நடந்த ஏதோ ஒரு கூத்தைச் சொல்ல, மாமா சிரித்தார். நிரோஷினி மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் வார்த்துக் கொடுத்தாள். அவர் மாத்திரையை விழுங்கினார். தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைக்கவில்லை. இடது பக்கமாக, தோளுக்குப் பின்னால், திரும்பிப் பார்க்காமலே நீட்டினார். பக்கத்தில் நிற்கிறவரிடம் வெறும் பாத்திரத்தைக் கொடுக்கிறவர்போல.

"போதும்மா" என்றார், கனிவாக.

நிரோஷினி அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மாமா கையை விட்டார்.

டம்ளர் கீழே விழவில்லை.