எல்ம் மரம் நின்ற பக்கம்

"யாருங்க என் வண்டி வயரைப் புடுங்கினது?"

காபிக் கடையின் கதவைத் திறந்துகொண்டு அவன் இப்படிக் கத்தியபோது, அவனோடு மைனஸ் முப்பது டிகிரிக் குளிரும் உள்ளே நுழைந்தது. லெஸ்யா தலை நிமிரவில்லை. யாருக்கோ என்னவோ, நமக்கென்ன என்று வாயிலிருந்த இலவங்கப்பட்டை பன்னை மென்றுகொண்டிருந்தாள்.

"அந்த நீல பிக்கப் யாரோடது?"

பன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நீல பிக்கப் அவளுடையதுதான்...

கனடாவின் வின்னிபெக் நகரத்து ஜனவரியில் வண்டியை நிறுத்தினால், இன்ஜின் உறையாமல் இருக்க ஹீட்டர் வயரைக் கம்பத்து பிளக்கில் செருகிவிட்டுத்தான் போக வேண்டும். இருட்டோடு வந்தவள் இடமில்லாமல், பனி மூடிக் கிடந்த ஒரு கிழட்டு டிரக்கின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகியிருந்தாள். அது ஓடுகிற வண்டி என்று சத்தியமாக அவள் நினைக்கவில்லை.

"சாரிங்க... அது காயலான் கடைக்குப் போற வண்டின்னு..."

"காயலான் கடையா! நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடின வண்டிங்க. பக்கத்து விடுதியில தூங்கி எந்திரிச்சு வர்றதுக்குள்ள விறைச்சுப் போய் நிக்குது."

அவன் இமைகளில் ஒட்டியிருந்த பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. அழுகிறானோ என்று அவள் ஒரு கணம் பயந்தே போனாள். இல்லை... அந்தச் சாம்பல் நிறக் கண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன. கோபமாக வந்தவன் கண்ணில் சிரிப்பு எப்படி வந்தது? அவளுக்குக் காது வரை சூடேறியது.

"எங்க போகணும்? நானே கொண்டு போய் விடறேன்," என்றாள் அவசரமாக.

பெயர் ஐனாராம். கிம்லி என்ற ஏரிக்கரை ஊர்க்காரன், மண் பரிசோதனைப் பொறியாளன். ஊருக்கு வெளியே எங்கோ துளையிடும் வேலை. "நீங்க?" என்று அவன் கேட்டதும், லெஸ்யா பெருமையை அடக்க முடியாமல் கொட்டிவிட்டாள். நாளைக் காலை ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு ராஃப்ட் அடித்தளம் போடுகிறார்கள். கட்டடம் முழுக்க ஒரே அகலமான கான்கிரீட் பலகை மேல், களிமண்ணில் மிதக்கிற மாதிரி உட்காரும். வடிவமைத்தது அவள். பொறியாளராகத் தன் முத்திரை குத்திய முதல் வரைபடம்!

"இந்த ஊர் களிமண்ணுலயா? எல்லாரும் ஆழத்துக்குத் தூண் மாதிரி பைல்தானே இறக்குவாங்க?"

"எங்கப்பாவும் அதையேதான் சொன்னார். அவர்தான் கான்ட்ராக்டர். ஒரு மாசம் சண்டை போட்டு ஜெயிச்சிருக்கேன், தெரியுமா?"

"உங்களோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுன்னு காபிக் கடையிலயே தெரிஞ்சுபோச்சே..."

அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். சிரிப்பு மட்டும் உதட்டை விட்டுப் போகமாட்டேன் என்றது. சே, என்ன இது... பார்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லையே!

வழியில்தான் அவளுடைய தளம். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று நிறுத்தினாள். தரை உறையாமல் இருக்க, குழியைச் சுற்றிப் பெரிய கூடாரம் கட்டி உள்ளே ஹீட்டர்கள் சீறிக்கொண்டிருந்தன. கம்பி வலை கட்டி முடித்துக் கான்கிரீட்டுக்குத் தயார். அவள் திரும்பி வந்தபோது ஐனார் வேலியோரம் நின்று எதையோ வெறித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"லெஸ்யா... இந்த மரக்கட்டைங்க..."

வடக்கு வேலியோரம் வரிசையாக வெட்டப்பட்ட எல்ம் மரங்களின் அடிக்கட்டைகள். அந்த வரிசை நேராகப் போய்க் கூடாரத்துக்கு அடியில் மறைந்தது.

"நோய் வந்த மரம். நகராட்சி போன இலையுதிர் காலத்துல வெட்டிட்டாங்க. அதுக்கென்ன?"

"சோதனைக்குத் துளை போட்டு மண் எடுத்தப்ப மரம் நின்னுச்சா?"

"நின்னுச்சு. எந்திரம் உள்ள நுழையல, அதனால தெற்குப் பக்கமே ரெண்டு..." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் தேய்ந்தது.

"எல்ம் இத்தனை வருஷமா அந்தப் பக்கத்துத் தண்ணியை எல்லாம் உறிஞ்சிருக்கும். இப்ப மரம் இல்ல. காய்ஞ்ச களிமண் இனிமே தண்ணி குடிச்சுக் குடிச்சு வீங்கும். வடக்கு எழும்பும், தெற்கு அப்படியே இருக்கும். உங்க பலகை அதைத் தாங்குமா?"

"காலையில வயரைப் புடுங்கினதுக்குப் பழி வாங்கறீங்களா?" அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "மரக்கட்டையைப் பார்த்தே தீர்ப்பு சொல்ல நீங்க யாரு?"

"நான் யாரும் இல்லதான். மண்ணைத் தொட்டுப் பாருங்க."

விடுவிடுவென்று கூடாரத்துக்குள் போனாள். குழியின் தெற்குச் சுவரில் ஒரு பிடி களிமண்ணைக் கிள்ளிக் கையுறையைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டினாள். மெல்லிய நூலாக, இடியாப்பம் மாதிரி நீண்டது. வடக்குச் சுவரிலிருந்து கிள்ளியதை உருட்டினாள். ஈரமே இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி கிள்ளினாள், மறுபடி உதிர்ந்தது.

ஒரே மண் என்று நினைத்து மெல்லிய பலகை போட்டிருக்கிறாள். கான்கிரீட் ஊற்றிவிட்டால் அவ்வளவுதான். மூன்று வருடத்தில் சுவர் விரியும், கதவு திறக்காது, உள்ளே குழந்தைகள் இருப்பார்கள். வாயைத் திறந்து சொன்னாலோ... ஒரு மாதச் சண்டையும் போச்சு, முதல் முத்திரையும் போச்சு, அப்பா முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"அப்பா, நாளைக்கு கான்கிரீட் வேணாம்."

அப்பா போஹ்தானின் மீசை துடித்தது. "என்னம்மா விளையாடறியா? கம்பி கட்டியாச்சு, ஹீட்டர் எரியுது!"

"தப்பு என்னோடது. வடக்குல ஒரு துளைகூடப் போடாம, அங்கயும் இதே மண்ணுதான்னு கணக்குப் போட்டுட்டேன்."

"நான் அப்பவே பைல் போடுன்னேன். கேட்டியா?" கூடாரமே அதிர்ந்தது. "இதை யாரு கிளப்பிவிட்டது? வெளியில நிக்கறானே, அந்த நெட்டையனா? யாரவன்?"

"காலையில பார்த்தவர்..."

"காலையில பார்த்தவன் பேச்சைக் கேட்டு என் வேலையை நிறுத்தறியா? முதல்ல அவனை இங்கேர்ந்து போகச் சொல்லு!"

"அவர் பேச்சை இல்லப்பா. மண்ணைக் கேட்டேன். இந்தாங்க." அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "பைல் இப்பவும் வேணாம். ராஃப்ட்தான்... ஆனா இந்த ராஃப்ட் இல்ல. அடியில குறுக்கும் நெடுக்குமா ஆழமா உத்தரம் கொடுக்கணும். பலகை விறைப்பா நின்னா மண் ஒரு பக்கம் தூக்கினாலும் கட்டடம் வளையாது, ஒண்ணா அசையும். வடக்குல துளை போட்டுப் புதுசா கணக்குப் போடறேன். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க."

போஹ்தான் அவள் கையிலிருந்து வடக்கு மண்ணை எடுத்துத் தானே உருட்டினார். உதிர்ந்தது. பிறகு போனை எடுத்து, நாளைய வண்டிகளை நிறுத்தச் சொல்லக் கான்கிரீட் ஆலையின் எண்ணை அழுத்தினார்.

லெஸ்யா நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். பிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. வெகுதூரத்தில், பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓர் உயரமான உருவம் பனியில் கால் புதையப் புதைய நடந்துகொண்டிருந்தது.

"ஐனார்! நில்லுங்க...!"

நின்றான். அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தாள்.

"உங்கப்பா போகச் சொன்னது வெளியில வரைக்கும் கேட்டுச்சு," என்றான், தரையைப் பார்த்தபடி. "உங்க சந்தோஷத்தைக் கெடுத்துட்டேன். சொல்லாம போயிடலாம்னுதான் அந்த வேலிகிட்ட நின்னு யோசிச்சேன். சொன்னா நீங்க என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்கன்னு தெரியும்..."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"ஊர் பேர் தெரியாதவங்களா இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்." அவன் நிமிர்ந்தான். இமையில் மறுபடி பனி. "காலையில கோபமாத்தான் உள்ள வந்தேன் லெஸ்யா. நீங்க பன்னை முழுங்க முடியாம முழிச்சீங்க பாருங்க... அங்கேயே எல்லாம் போச்சு. உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. களிமண் அப்பிய கையால் அவன் கையைப் பிடித்தாள்.

"எங்கப்பாகிட்ட தப்பை ஒத்துக்கறப்பகூட இந்தக் கை நடுங்கல. இப்ப பாருங்க..."

"குளிர்ல கையுறையைக் கழட்டிட்டு ஓடி வந்தா நடுங்காம?"

"குளிர் இல்லடா, மக்கு!"